எண்ணெய்த் துணி பற்றி ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு திருத்தமாகத்தான் பிறந்திருக்க வேண்டும். பத்திரிகையில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'சென்ற இதழில் இப்படி வந்தது தவறு, அப்படிப் படிக்கவும்' என்று போடுவார்களே, அது. எனக்கு வேண்டியிருந்தது அதுபோல ஒரே ஒரு வரி. மூன்று முறை கேட்டேன். வார இணைப்பின் ஆசிரியர் அம்மாள் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"சார், பேர் தப்பு, தேதி தப்புன்னா திருத்தம் போடுவோம். விட்டுப்போன வரிக்கெல்லாம் போட ஆரம்பிச்சா பத்திரிகை முழுக்க திருத்தமாத்தான் இருக்கும்."

"அந்த வரி இல்லாததால ஒரு வீட்டுல தீப்பிடிச்சிருக்கும்மா."

"ஐயோ பாவம். அதையே ஒரு கதையா எழுதிக் குடுங்களேன். நல்லா உருக்கமா, ஆயிரம் வார்த்தைக்குள்ள."

அதனால் எழுதுகிறேன். ஆயிரத்துக்குள் அடங்காது. உருக்கமாகவும் இருக்காது, ஏனென்றால் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிக் கிடக்கிறது. ஒரு வரியைத் திருத்தமாகப் போட இடமில்லாத பத்திரிகையில் கதையாகப் போட ஒரு முழுப் பக்கம் இருக்கிறதாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், நாற்பது நாட்களாகத் தன் சொந்த வீட்டில் ஓர் அறைக்குள் கால் வைக்க முடியாமல் இருக்கிறார். செய்யாத தப்புக்கு. அவர் பேரில் ஒட்டிக்கொண்ட அந்தப் பழியை யார் துடைப்பது என்பதுதான் கதை. மற்றதெல்லாம் என் வளவளப்பு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

புகை முதலில் ஜன்னலைத் தேடியது.

(அடித்துவிட்டேன். புகைக்கு எதையும் தேடத் தெரியாது. அதோடு ஜன்னல் மூடியிருந்தது. மூடச் சொன்னது என் கட்டுரை.)

இரண்டாவது முயற்சி:

ஓர் இசைக்கருவியின் கழுத்து என்பது மனிதக் கைகளின்

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற ஆளால்தான் இவ்வளவும்.)

மூன்றாவது முயற்சி:

அக்காவின் உள்ளங்கை வியர்க்கும்.

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன். பள்ளியில் பரீட்சைத் தாள் நனைந்து மை கரைந்து, "எழுதினியா, குளிச்சியா?" என்று டீச்சர் கேட்ட கை அது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் கிட்டார் வாசிக்கப் போனாள். பிறகு கிட்டார் பழுதுபார்க்கவும் போனாள். கடையில் வாங்கும் கிட்டாரின் கழுத்துக்கு வார்னிஷ் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். வியர்த்த கை அதில் நகராது, ஒட்டும். "வார்னிஷ் போட்ட கழுத்து என் கையப் பிடிச்சு நிறுத்துதுடா" என்பாள். அதனால் தன் கிட்டாரின் கழுத்தில் பின்பக்கம், கட்டைவிரல் ஓடுகிற இடம் முழுவதையும் சுரண்டி எடுத்தாள். வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, மேலே மெழுகு தேய்த்தாள். அதன்பிறகு கை தடையில்லாமல் ஓடியது.

ஆனால் வார்னிஷ் இல்லாத மரம் அழுக்கைக் குடிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது துடைத்து, மறுபடி எண்ணெயும் மெழுகும் போட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று என்னைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிட்டாரில் எத்தனை கம்பி என்பதே எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வார இணைப்பில் 'வீட்டில் ஒரு வேலை' என்ற பகுதியை நான்கு வருடமாக எழுதுகிறவன் நான். சொந்தக் கையால் ஒரு வேலையும் செய்தது கிடையாது.

3

அக்கா மேசையில் ஒரு கிட்டாரைப் படுக்க வைத்து வேலை செய்துகொண்டே சொன்னாள். நான் போனில் பதிவு செய்தேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அவள் பேசியபடியே போடுகிறேன், இந்தத் தடவை எதையும் அழகுபடுத்தவில்லை:

"கம்பிய மொதல்ல கழட்டிடு. எலெக்ட்ரிக் கிட்டாருன்னா நடுவுல காந்தம் இருக்கும், அது மேல டேப் ஒட்டு. ஏன்னா அடுத்து ஸ்டீல் உல், அதான் இரும்பு நார், தேய்க்கப் போற, தூளெல்லாம் காந்தத்துல போய் ஒட்டிக்கும், ஒட்டினா வராது. துணிய நனைச்சு, பிழி. இன்னும் பிழி. கையில ஈரம் தெரியக் கூடாது. அழுக்கத் துடைச்ச கையோட காஞ்ச துணியால துடை. தண்ணி நின்னா மரம் முறுக்கிக்கும். அப்புறம் இருக்கறதுலயே மெல்லிசான ஸ்டீல் உல் எடுத்து, மரத்துல ரேகை ஓடற பக்கமா தேய். குறுக்க தேய்ச்சே, கைய ஒடிப்பேன். துணியில ரெண்டு சொட்டு எண்ணெய். ரெண்டுன்னா ரெண்டு. தடவிட்டு பத்து நிமிஷம் விடு, மரம் குடிச்சது போக மிச்சத்தத் துடைச்சு எடு. ஒரு நாள் காயட்டும். அப்புறம் மெழுகு, லேசா. நல்லா தேய்ச்சுப் பளபளப்பைக் கொறை."

"கொறையா? கூட்டறதா?"

"கொறைக்கறதுடா. மினுமினுன்னு இருந்தா அது கழுத்தில்ல, கண்ணாடி."

பிறகு கடைசியாக ஒன்று சொன்னாள். குரலை உயர்த்திச் சொன்னாள், "இத மட்டும் விட்றாத" என்றும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

4

கட்டுரை அச்சில் வந்தது. அந்தக் கடைசி விஷயம் அதில் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? இடம் போதாது, விளம்பரம் வந்துவிட்டது, கத்தரியை எடுத்துவிடுவார்கள்.

அச்சில் கட்டுரை இப்படி முடிந்திருந்தது:

'எல்லாம் முடிந்ததும் கண்களை மூடிக்கொண்டு கழுத்தை ஒருமுறை வருடிப் பாருங்கள். மரம் உங்களை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும்.'

இந்தக் கருமத்துக்குப் பதினோரு பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அழுக்குத் துடைப்பது எப்படி என்ற கட்டுரைக்கு! 'கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது' என்று ஒருவர். ஐயா, நீங்கள் கலங்கியது இருக்கட்டும், வேலை சரியாக முடிந்ததா என்று ஒருவராவது கேட்டாரா? இன்னொருவர் எழுதியிருந்தார்: 'எங்கள் வீட்டுக் கிட்டாரின் கழுத்தும் இதே வகை. உங்கள் கட்டுரையைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் செய்து பார்க்கப் போகிறேன்.' முகவரி இல்லை. கையெழுத்து மட்டும், அதுவும் கிறுக்கல்.

அந்தக் கடிதத்தை வாசித்தபோது நான் பூரித்துப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பூரித்துத்தான் போனேன்.

5

இனி அத்தான்.

(முதல் வரைவில் அவரை ஒரு தத்துப்பித்துப் பேர்வழியாக எழுதியிருந்தேன். மனைவியின் பொருளை எடுத்து, எதையோ கொட்டி, எதையோ உடைத்து, தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் புருஷன். கதைகளில் நாம் பார்த்துப் பழகிய ஆள். வாசகர் சிரிப்பார், எழுதுவதும் சுலபம். அத்தனையும் பொய். கிழித்துப் போட்டேன்.)

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். பதினேழு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன். மாத்திரைச் சீட்டோடு வரும் காகிதத்தைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையைப் போடுவார். அக்கா மூன்று வாரமாக ஊரார் கிட்டாரை எல்லாம் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய கிட்டார் கழுத்து கறுத்துக் கிடந்தது. "எனக்கு எப்ப நேரம்" என்று அலுத்துக்கொண்டாள். அதை அவர் காதில் வாங்கிக்கொண்டார்.

அக்கா ஒரு கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுக்க வெளியே கிளம்பிய ஒரு விடுமுறை நாள் காலை, அவர் என் கட்டுரையை அவளுடைய வேலை அறை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளரை வைத்தார். கம்பிகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். காந்தத்துக்கு டேப் ஒட்டினார். துணியைப் பிழிந்தார். ரேகை ஓடும் பக்கமாகத் தேய்த்தார். ரெண்டு சொட்டு என்றால் ரெண்டு சொட்டு, கறுத்த மரம் குடிக்கக் குடிக்க மறுபடி ரெண்டு ரெண்டாக. பத்து நிமிடத்துக்குப் போனில் மணி வைத்தார். மிச்சத்தைத் துடைத்து எடுத்தார். கிட்டாரை எதிர்ச்சுவரில் மாட்டினார். 'தூசி படாமல் ஜன்னல்களை மூடிவிடுங்கள்' என்று நான் எழுதியிருந்ததால் மூடினார். அறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, எண்ணெய்த் துணியை நன்றாகச் சுருட்டி, மேசைக்கு அடியில் மரச் சீவல் கிடந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

மறுநாளைக்கான மெழுகு ஒன்றைத் தவிர, என் கட்டுரை சொன்ன எதையும் அவர் விடவில்லை. கண்களை மூடிக் கழுத்தை வருடிப் பார்த்ததையும்கூடச் செய்திருக்கிறார். பின்னால் கேட்டபோது சொன்னார். எனக்குத் தூக்கில் தொங்கலாம் போல இருந்தது.

மூன்று மணிக்குப் புகை நாற்றம். எழுந்து ஓடினார். கூடை எரிந்து மேசை பற்றியிருந்தது. உருகிக்கொண்டிருந்த கூடையை வெறுங்கையால் தூக்கிப் போய்க் கொல்லையில் எறிந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீரோடு வந்தார்கள். அக்காவின் வேலை மேசை, கருவிகள், பழுதுபார்க்க வந்திருந்த இரண்டு கிட்டார்கள், எல்லாம் போயின. அத்தானின் வலது உள்ளங்கைத் தோல் கூடையோடு போயிற்று.

எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த அக்காவின் கிட்டார் தப்பிவிட்டது. உடம்பெல்லாம் கரி. கழுத்தைத் துடைத்துப் பார்த்தால், அவ்வளவு நேர்த்தி. அக்கா செய்திருந்தால்கூட அப்படி வந்திருக்காது.

6

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அக்கா அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை.

"எண்ணெய்த் துணிய எங்க போட்டீங்க?"

"கூடையில."

"சுருட்டியா?"

"ஆமா."

"தம்பி எழுதினதப் படிச்சுட்டுத்தானே செஞ்சீங்க?"

"படிச்சுட்டுத்தான்."

"படிச்சுட்டும் சுருட்டிப் போட்டீங்க. அவ்வளவு தூரம் சொல்லி எழுத வெச்சிருக்கேன். அதெல்லாம் உங்களுக்கு வேண்டாத பேச்சு, இல்ல? இனிமே என் ரூமுக்குள்ள காலடி வைக்காதீங்க."

அக்கா என் கட்டுரையைப் படித்ததே இல்லை. "நீ சுத்தி வளைப்ப, எனக்குப் பொறுமை கிடையாது" என்பாள். நான் எழுதியிருப்பேன் என்று நம்பினாள். அத்தானோ, தான் ஏதோ வரியைத் தவறவிட்டிருப்போம் என்று நம்பினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன்.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா தன் அறைக்குள் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், கதவு சாத்தியிருந்தது. அத்தான் சமையலறையில், கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, இடது கை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு என் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார். காகிதம் மடிப்புகளில் கிழிந்திருந்தது.

"தம்பி, ஏழு தடவ படிச்சுட்டேன். துணியப் பத்தி எங்க போட்டிருக்கீங்க? எந்த வரி? நான் எங்கயோ விட்டிருக்கேன், ஆனா எங்கேன்னு தெரியல."

அந்த விரல் நின்ற இடத்தை நான் பார்த்தேன். அது 'மரம் உங்களை நினைவில்' என்ற இடத்தில் நின்றிருந்தது.

"இல்ல அத்தான். நான் எழுதிக் குடுத்தேன். ஆசிரியர் அம்மாதான் வெட்டிட்டாங்க."

7

அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டார்.

"வெட்டிட்டாங்களா? ஒருத்தன் கை வெந்து போற வரிய, இடம் இல்லேன்னு வெட்டிட்டாங்களா? என்ன தம்பி சொல்றீங்க, கேட்டுட்டு விட்டீங்களா?"

மறுநாள் அந்தக் கட்டுப்போட்ட கையோடு இரண்டு பஸ் மாறிப் பத்திரிகை ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஆசிரியர் அம்மாளிடம் நேராகக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கோப்பைத் திறந்து, நான் கொடுத்த கையெழுத்துப் பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறார்.

அந்த வரி இருந்தது. முழுசாக இருந்தது. அதன்மேல் ஊதா மையில் ஒரு கோடு. ஓரத்தில், அதே ஊதா மையில், இரண்டு வார்த்தைகள்: 'முடிவு கெடுகிறது.'

ஊதா மையில் எழுதுகிற ஆள் அந்தப் பத்திரிகைக்கு ஒருவன்தான்.

(இப்போது நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். 'கத்தரியை எடுத்துவிடுவார்கள்' என்று எழுதியிருக்கிறேன். யார் எடுத்தார்கள் என்று சொல்லவில்லை. உங்களையே யூகிக்க விட்டேன். நேராகப் பொய் சொன்னால் ஒருநாள் பிடிபடலாம், இப்படிப் பூசி மெழுகினால் பிடிபட மாட்டோம் என்று எங்களுக்குப் பழக்கம். அந்தப் பகுதியைத் திருத்தியிருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

நல்லா கேட்டுக்கொள்ளுங்கள், என்ன நடந்தது என்று. அக்கா சொன்ன அந்தக் கடைசி விஷயம் குப்பைத்துணி பற்றியது. 'மரம் உங்களை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும்' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே அழுக்குத் துணியை என்ன செய்வது என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. சங்கீதத்தை முடித்துவிட்டு மூக்குச் சிந்தின மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதற்காக அடித்தேன். என் அழகுக்கு ஒரு மனுஷனின் உள்ளங்கை விலை. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

அத்தான் அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சத்தம் போடவில்லை.

"அந்த அம்மா வெட்டல தம்பி. உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும். என் மேல தப்பில்லன்னு அவளுக்குத் தெரியணும். அது போதும்."

8

சொன்னேனா? சொல்லவில்லை. மூன்று முறை திருத்தம் கேட்டுப் பத்திரிகைக்குப் போனேன், முதல் பகுதியில் அதைத்தான் படித்தீர்கள். அக்காவிடம் வாயைத் திறப்பதற்குப் பதிலாக, அச்சில் வந்துவிட்டால் அவளே தெரிந்துகொள்வாள் என்று ஒரு நப்பாசை. திருத்தம் கிடைக்காது என்றதும், இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முடிவுகள்கூடத் தயார் செய்தேன்.

முடிவு, அ: அக்கா கதையைப் படிக்கிறாள். கண்கள் நிறைகின்றன. கதவைத் திறந்து, அந்தக் கழுத்தை முதன்முறையாக

முடிவு, ஆ: அத்தான் கட்டை அவிழ்க்கிறார். புதிய தோல், எண்ணெய் குடித்த மரம்போல

முடிவு, இ:

அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருந்தேன்; இந்த இடத்தில் அத்தான் வந்து நின்றார். தோளுக்கு மேலே எட்டி வாசித்துவிட்டார்.

"என்ன தம்பி இது? கதையா?"

"ஆமா அத்தான். எல்லாத்தையும் எழுதிட்டேன். என்னைத்தான் திட்டி எழுதியிருக்கேன்."

"நான் ஒரு மாசத்துக்கு மேலா கதவுக்கு வெளிய நிக்கிறேன். நீங்க பேப்பரும் பேனாவுமா உக்காந்து உங்களையே திட்டிக்கிட்டு இருக்கீங்க. அது எனக்கு எதுக்கு? அக்கா உள்ள இருக்கா. பன்னெண்டு அடி தூரம். நடந்து போய்ச் சொல்ல முடியாதா?"

போனேன். கதவைத் தட்டினேன். அக்கா புது மேசைக்கு மணல்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகலை அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், ஓரத்தில் இருந்ததை வாசித்தாள்.

"உன் கையெழுத்து."

"ஆமாக்கா."

"முடிவு கெடுதா? நாப்பது நாளா அந்த மனுஷன நான் என்னென்ன பேசியிருக்கேன், நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேடா. சாப்பிட்டுட்டு வேற போன."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். அத்தான் நாற்காலியில் இருந்தார்.

"அந்த வரியப் படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

அத்தானுக்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற முகம்.

"விரிச்சுக் காயப் போட்டிருப்பேன்" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

9

அதற்குப்பிறகு அவர்கள் என்ன பேசினார்கள், கதவு திறந்ததா என்பதை எழுதப் போவதில்லை. நான் அங்கே நிற்கவில்லை. அது அவர்கள் வீட்டுக் கதவு, முடிவு எழுதுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆசிரியர் அம்மாள் கதையைப் படித்துவிட்டு, "எட்டாம் பகுதியோட நிறுத்திடுங்க சார், அக்கா தரையில உக்கார்ற இடம், அருமையான முடிவு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'ஒன்பதாம் பகுதி இல்லையென்றால் கதையே இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊதா மையில்.

ஏனென்றால் இந்தக் கதைக்கு இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது, அது என்னிடம் இல்லை. என் கட்டுரையைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டவரே, உங்களிடம் இருக்கிறது. விடுமுறை வந்துவிட்டதா? துடைத்துவிட்டீர்களா? துணி எங்கே? இந்த நிமிடம் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். எழுந்து போய்க் கூடையைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, அந்தக் கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டு, அதன்மேல் இதை எழுதிக்கொள்ளுங்கள். அக்கா சொன்னது, அவள் சொன்னபடியே:

"எண்ணெய் தொட்ட துணிய சுருட்டாத, கூடையில போடாத. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். துணி சுருண்டு கெடந்தா சூடு வெளிய போகாது, தானா பத்திக்கும். வெளிய விரிச்சுக் காயப் போடு. விறைச்சதுக்கு அப்புறம் தண்ணியில முக்கித் தூக்கிப் போடு. இத மட்டும் விட்றாத."